கிட்டில் மெயின் பிராஞ்ச்சின் வரலாற்றைத் திருத்தி ஃபோர்ஸ் புஷ் (சேர்வரில் இருப்பதை மேலெழுதி அனுப்புவது) செய்தபின் பழைய கொமிட்கள் (பதிந்த மாற்றங்கள்) திரும்ப வந்துவிட்டன. எப்படிச் சரிசெய்வது?

வெள்ளவத்தை_06 கேட்டது:

வணக்கம். ஆறு பேர் வேலை செய்யும் கிட் ரெப்போ (கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியம்). நான்கு பேர் கொழும்பில், இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து. ரெப்போவை வைத்திருக்கும் கிட்லாப் எங்கள் சொந்த சேர்வரில்தான் ஓடுகிறது.

பல மாதங்களுக்கு முன் 180 எம்பி டேட்டாபேஸ் டம்ப் ஒன்றும், பேமண்ட் கேட்வேயின் ரகசியச் சாவியோடு ஒரு கொன்ஃபிக் ஃபைலும் மெயினில் கொமிட் ஆகியிருந்தன. நேற்று மாலை புதிதாக குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுத்து, ஃபில்டர்-ரெப்போ என்ற வரலாறு திருத்தும் கருவியை --பாத், --இன்வேர்ட்-பாத்ஸ் கொடுத்து ஓட்டி இரண்டு ஃபைல்களையும் வரலாற்றிலிருந்தே நீக்கி, மெயினை ஃபோர்ஸ் புஷ் செய்தோம். பிழை எதுவும் காட்டவில்லை.

இன்று காலை ஒருவர் வழக்கம்போல் புல் செய்து (சேர்வரில் உள்ளதை எடுத்துத் தன்னுடையதோடு இணைத்து), தன்னுடைய 3 கொமிட்களோடு புஷ் செய்தார். அதற்கு மேல் இன்னும் 4 கொமிட்கள் வந்துவிட்டன. டம்ப் ஃபைல் திரும்ப மெயினில் நிற்கிறது. லொக்கைப் பார்த்தால் ஒரே கொமிட் இரண்டு இரண்டு தடவை, வேறு வேறு ஹேஷோடு (அடையாள எண்ணோடு) இருக்கிறது. கொமிட் எண்ணிக்கை திருத்துவதற்கு முன் 312, திருத்தியபின் 310, இப்போது 591.

திருத்திய நுனி (கடைசிக் கொமிட்) 5520914. இப்போதைய நுனி 8860251. இதைத் தவிர, மூன்று வாரமாக ஓடும் ஒரு ஃபீச்சர் பிராஞ்ச் பழைய மெயினிலிருந்து பிரிந்தது. அது இன்னும் மெயினோடு மேர்ஜ் ஆகவில்லை (இணையவில்லை).

புது வேலை ஒன்றும் தொலையாமல் சுத்தமான வரலாற்றுக்கு எல்லோரையும் கொண்டுவருவது எப்படி? முதலில் எதைத் தொடவேண்டும்?

---

கொட்டாஞ்சேனை_13 பதில்:

முதலில் எல்லோரையும் நிறுத்துங்கோ. கிட்லாப்பில் மெயினை புரொடெக்டட் ஆக்கி, புஷ் செய்யும் அனுமதியை ஒரே ஒருவருக்கு மட்டும் விடுங்கோ. க்ரூப்பில் "புல் வேண்டாம், புஷ் வேண்டாம், ஃபெட்ச் (இணைக்காமல் எடுப்பது) மட்டும் செய்யலாம்" என்று போடுங்கோ. இந்த நிலையில் இன்னொரு புல் நடந்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

என்ன நடந்தது என்பதை அந்த 591 சொல்லுகிறது. ஒரு கொமிட்டின் ஹேஷ் அதன் ஃபைல்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. எழுதியவர், நேரம், செய்தி எல்லாவற்றோடும் பெற்றோர் கொமிட்டின் ஹேஷும் அதற்குள் போகிறது. அதனால் ஒரு கொமிட்டை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை கொமிட்டும் வேறு கொமிட்கள் ஆகிவிடும். இரண்டு ஃபைல்களில் முதலாவது உங்கள் 40ஆவது கொமிட்டில் நுழைந்திருக்கவேண்டும். முதல் 39 மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. பழைய பக்கத்தில் 273, புதுப் பக்கத்தில் 271 (அந்த ஃபைல்களை மட்டும் தொட்ட இரண்டு கொமிட்கள் வெறுமையாகி உதிர்ந்துவிட்டன). 39 + 273 + 271, அதோடு அவருடைய 3, மேர்ஜ் கொமிட் 1, பிறகு வந்த 4. கூட்டினால் 591.

இதில் ஆபத்தான இடம், மோதல் எதுவும் காட்டாமல் மேர்ஜ் ஆனதுதான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அடி 39ஆவது கொமிட். அங்கே டம்ப் இல்லை. ஒரு பக்கம் அதைச் சேர்த்திருக்கிறது, மற்றப் பக்கம் அதைத் தொடவே இல்லை. கிட்டின் கண்ணுக்கு இது "ஒருவர் புது ஃபைல் சேர்த்திருக்கிறார்" என்பதுதான். நீங்கள் நீக்கினீர்கள் என்ற தகவல் எந்தக் கொமிட்டிலும் எழுதப்படவில்லை. மற்ற ஃபைல்களில் இரு பக்கமும் ஒரே மாற்றம் இருப்பதால் அவையும் பேசாமல் இணைந்துவிட்டன.

கிட் 2.33 தொடக்கம், பிரிந்துபோன பிராஞ்ச்சை புல் செய்தால் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும்படி கேட்டு நின்றுவிடும். அவருடையது அதற்கு முந்தியதாக இருக்கும், அல்லது புல்.ரீபேஸ் ஃபோல்ஸ் என்று, அதாவது ரீபேஸ் (கொமிட்களை வேறு அடியின் மேல் திரும்ப வைப்பது) வேண்டாம், மேர்ஜ் செய் என்று, செட் செய்து வைத்திருப்பார்.

இனி மீட்பு. ஒரு லப்டொப்பில் ஒருவர் மட்டும் செய்யட்டும். மற்றவர்கள் கூட இருந்து பார்க்கட்டும்.

இப்போதைய நுனி 8860251ஐ ஒரு தாளில் எழுதிவையுங்கோ. டேக் (ஒரு கொமிட்டுக்கு வைக்கும் நிலையான பெயர்) போட்டு வைக்கவேண்டாம். டேக் போட்டால் பிறகு யாராவது புஷ் --டேக்ஸ் கொடுக்கும்போது பழைய வரலாறு முழுவதும் அதோடு சேர்வருக்குத் திரும்பப் போகும்.

அடுத்தது, உண்மையில் புதிய கொமிட்கள் எவை என்று பிரித்தெடுப்பது:

கிட் லொக் --ஒன்லைன் --செரி-பிக் --ரைட்-ஒன்லி --நோ-மேர்ஜஸ் 5520914...8860251

நடுவில் மூன்று புள்ளி, இரண்டு அல்ல. இரண்டு பக்கத்திலும் ஒரே மாற்றத்தைச் செய்யும் கொமிட்களை இது மறைத்துவிடும். மிஞ்சுவது இரண்டு வகை: புது வேலை, அப்புறம் டம்ப்பையோ கொன்ஃபிக்கையோ தொட்ட பழைய கொமிட்கள் (திருத்தும்போது அவற்றின் மாற்றமே வேறாகிவிட்டதால் கிட் அவற்றை இரட்டை என்று அடையாளம் காணாது). ஒவ்வொன்றையும் கிட் ஷோ --ஸ்டட் போட்டு வடிவாகப் பாருங்கோ. பழையவற்றை விடுங்கோ, புதியதை எடுங்கோ.

பிறகு 5520914இலிருந்து "திருத்தம்" என்று ஒரு பிராஞ்ச் எடுத்து, புதியவற்றைப் பழையது முதலாக வரிசைப்படி செரி-பிக் செய்யுங்கோ (ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வையுங்கோ). லொக்கில் --ரிவேர்ஸ் சேர்த்தால் சரியான வரிசையில் கிடைக்கும்.

முடிந்ததும் செய்யும் சோதனைதான் முக்கியம்:

கிட் டிஃப் --ஸ்டட் 8860251 திருத்தம்

அந்த இரண்டு ஃபைல்களும் நீங்கியது மட்டும் தெரியவேண்டும். வேறு ஒரு வரி தெரிந்தாலும் புஷ் செய்யவேண்டாம். அதோடு கிட் லொக் திருத்தம் -- என்று எழுதி டம்ப் ஃபைலின் பாதையைக் கொடுத்துப் பாருங்கோ, ஒன்றும் வரக்கூடாது. இரண்டும் சரியென்றால்:

கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்=மெயின்:8860251 ஒரிஜின் திருத்தம்:மெயின்

லீஸில் ஹேஷைக் கையால் எழுதுவதுதான் பாதுகாப்பு. இடையில் யாராவது புஷ் செய்திருந்தால் சேர்வர் மறுத்துவிடும். புரொடெக்டட் பிராஞ்ச்சில் ஃபோர்ஸ் புஷ் அனுமதியை இந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் திறந்து, முடிந்த கையோடு மூடிவிடுங்கோ.

மற்ற ஐந்து பேரும் பழைய குளோனை வைத்திருக்காமல் புதிதாக எடுப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர்களுக்கு அது சுமை என்றால், புஷ் செய்யாத வேலை எதுவும் இல்லையென உறுதிசெய்துகொண்டு கிட் ஃபெட்ச், பிறகு மெயினில் நின்று கிட் ரீசெட் --ஹார்ட் ஒரிஜின்/மெயின். புல் இல்லை.

ஃபீச்சர் பிராஞ்ச்சுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபில்டர்-ரெப்போ ஓட்டிய குளோனில் .கிட் ஃபோல்டருக்குள் ஃபில்டர்-ரெப்போ என்ற ஃபோல்டரில் கொமிட்-மெப் என்று ஒரு ஃபைல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் பழைய ஹேஷ், அதற்குரிய புது ஹேஷ். அந்தக் குளோனை அழித்துவிடவேண்டாம்! ஃபீச்சர் பிராஞ்ச் பழைய மெயினில் எந்தக் கொமிட்டில் பிரிந்ததோ, அதன் இரட்டையை இதில் தேடி எடுத்து:

கிட் ரீபேஸ் --ஒன்டு (இரட்டையின் ஹேஷ்) (பழைய பிரிவுக் கொமிட்) ஃபீச்சர்

இரட்டையும் பழையதும் அந்த இரண்டு ஃபைல்களைத் தவிர ஒரே உள்ளடக்கம் கொண்டவை. ஃபீச்சர் அந்த ஃபைல்களைத் தொட்டிராவிட்டால் மோதல் ஒன்றும் வராது. அதற்குப் பிறகு வழக்கம்போல் மெயினுக்கு மேல் ரீபேஸ் செய்யலாம். இரண்டையும் ஒரே அடியில் செய்தால், வரும் மோதல் வரலாறு மாறியதாலா அல்லது மூன்று வார வேலையாலா என்று பிரித்தறிய முடியாது.

---

பம்பலப்பிட்டி_04 பதில்:

கொட்டாஞ்சேனை அண்ணா சொன்ன மீட்பு முறை சரி. ஆனால் அதற்கு முன்பே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ரகசியச் சாவியை இன்றைக்கே ரத்துசெய்து புதியது எடுங்கள். சேர்வருக்குப் போன கணத்திலேயே அது வெளியே போனதாகத்தான் கணக்கு. ஆறு லப்டொப்பில், பில்ட் சேர்வரில், பேக்கப்பில் எல்லாம் அது இருக்கிறது. வரலாற்றைத் திருத்துவது ரெப்போவின் பருமனைக் குறைக்கும். வெளியே போன சாவியை அது திரும்ப எடுத்துத் தராது.

டம்ப்பில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. டெவலப்பர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, மேலிடத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது, ஃபோர்ஸ் புஷ் செய்ததால் சேர்வரில் டம்ப் அழிந்துவிடவில்லை. கிட்லாப் ஒவ்வொரு மேர்ஜ் ரிக்வெஸ்டுக்கும் மறைவாக ஒரு ரெஃப் (கொமிட்டைச் சுட்டும் பெயர்) வைத்திருக்கும், கீப்-அரவுண்ட் என்று இன்னொரு வகையும் உண்டு. அவை பழைய கொமிட்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஹேஷ் தெரிந்த ஒருவர் பிரவுசரில் திறந்தே பார்க்கலாம். புரொஜெக்ட் செட்டிங்ஸில் ரெப்போசிட்டரி பகுதியில் கிளீன்அப் என்று இருப்பதில் அதே கொமிட்-மெப் ஃபைலை அப்லோட் செய்யவேண்டும். அதனால்தான் அந்தக் குளோன் இரண்டு விதத்தில் பெறுமதி. முன்பு யாராவது ஃபோர்க் (சேர்வரிலேயே தனிப் பிரதி) எடுத்திருந்தால் அதையும் தனியாகக் கவனியுங்கள்.

டேக்குகளைப் பற்றிக் கேள்வியில் ஒன்றுமே இல்லையே. ஃபில்டர்-ரெப்போ உங்கள் குளோனில் டேக்குகளையும் மாற்றி எழுதியிருக்கும், ஆனால் நீங்கள் மெயினை மட்டும் புஷ் செய்திருக்கிறீர்கள். அப்படியானால் சேர்வரில் உள்ள ரிலீஸ் டேக்குகள் இன்னும் பழைய வரலாற்றில் நிற்கின்றன, டம்ப்பும் அவற்றோடு நிற்கிறது. அவற்றையும் ஃபோர்ஸோடு புஷ் செய்யவேண்டும். மற்றவர்கள் சாதாரணமாக ஃபெட்ச் செய்தால் மாறிய டேக் வராது, கிட் 2.20க்குப் பிறகு, இருக்கிற டேக்கை மாற்ற ஃபெட்ச் மறுக்கும். கிட் ஃபெட்ச் --டேக்ஸ் --ஃபோர்ஸ் கொடுக்கவேண்டும். டேக்கில் அல்லது கொமிட்டில் கையொப்பம் இட்டிருந்தால் அது போய்விட்டிருக்கும், திரும்ப இடவேண்டும்.

பலர் மறக்கும் இடம் டெப்லொய் ஸ்கிரிப்ட். அதற்குள் கிட் புல் என்று ஒரு வரி இருந்தால், பழைய வரலாற்றோடு இருக்கும் சேர்வர் காலையில் உங்கள் நண்பர் செய்த அதே மேர்ஜைத் தானாகவே செய்யும், அதுவும் புரொடக்‌ஷனில். ஃபெட்ச், பிறகு ரீசெட் --ஹார்ட் என்று மாற்றுங்கள். பில்ட் இலக்கத்தைக் கொமிட் எண்ணிக்கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அதுவும் 591இலிருந்து திரும்ப 300 சொச்சத்துக்கு இறங்கும். ஆப் ஸ்டோர்கள் குறைந்த இலக்கத்தை ஏற்காது.

இந்த ரெப்போவை வேறொரு ரெப்போ சப்மொடியூலாக (தனக்குள் இணைத்த ரெப்போவாக) வைத்திருந்தால் அது காட்டும் ஹேஷ் இனி சேர்வரில் கிடைக்காமல் போகும். கொமிட்-மெப்பில் பார்த்துப் புது ஹேஷுக்கு மாற்றிவிடுங்கள்.

---

வெள்ளவத்தை_06:

அண்ணாமாருக்கு மிக்க நன்றி. சாவி மாற்றியாயிற்று. செரி-பிக் பட்டியலில் 9 வந்தது. 3 பழையவை, 6 புதியவை. ஆறையும் எடுத்தேன், மோதல் ஒன்றில்தான் வந்தது. ஆனால் டிஃப் சோதனையில் அந்த இரண்டு ஃபைல்களோடு, வேறொரு ஃபைலில் 2 வரி வித்தியாசம் தெரிகிறது. அந்த 2 வரிகள் 6 கொமிட்களில் எதிலுமே இல்லை. எங்கிருந்து வந்தன? இன்னும் புஷ் செய்யவில்லை.

---

கொட்டாஞ்சேனை_13:

புஷ் செய்யாமல் நின்றது மிக நல்லது. காலைக்குப் பிறகு வந்த 4இல் ஒன்று மேர்ஜ் கொமிட்தானே? நாம் --நோ-மேர்ஜஸ் போட்டதால் அது பட்டியலில் வரவில்லை. அந்த மேர்ஜில் மோதலைத் தீர்க்கும்போது யாரோ கையால் 2 வரி எழுதியிருக்கிறார். அந்த மாற்றம் மேர்ஜ் கொமிட்டுக்குள் மட்டும்தான் வாழ்கிறது. சாதாரண லொக்கில் மேர்ஜ் கொமிட்டுக்கு டிஃப் காட்டாததால் கண்ணிலும் படாது. செரி-பிக்கில் உங்களுக்கு ஒரு மோதல் வந்ததாகச் சொன்னீர்கள், அநேகமாக அதே இடம்தான். நீங்கள் வேறு விதமாகத் தீர்த்திருப்பீர்கள்.

உறுதிப்படுத்த, கிட் 2.36 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் கிட் ஷோ --ரீமேர்ஜ்-டிஃப் போட்டு அந்த மேர்ஜின் ஹேஷைக் கொடுங்கோ. இரண்டு பெற்றோரையும் கிட் தானாகவே திரும்ப மேர்ஜ் செய்து பார்த்து, கையால் மாற்றப்பட்டதை மட்டும் காட்டும். அந்த 2 வரிகள் அங்கே தெரிந்தால், மேர்ஜ் செய்தவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு:

கிட் ரிஸ்டோர் --சோர்ஸ்=8860251 (அந்த ஃபைலின் பாதை)

என்று எடுத்து, மேர்ஜின் ஹேஷைச் செய்தியில் குறிப்பிட்டு ஒரு கொமிட்டாகப் போடுங்கோ. காலையில் நடந்த பெரிய மேர்ஜிலும் இதே ரீமேர்ஜ்-டிஃப்பை ஓட்டிப் பாருங்கோ. வெறுமையாக வரவேண்டும்.

---

தெஹிவளை_கடற்கரை பதில்:

மீட்பு முடிந்தபிறகு செட்டிங்ஸ் பக்கம் ஒரு முறை போங்கள். புரொடெக்டட் பிராஞ்ச்சில் ஃபோர்ஸ் புஷ் அனுமதி மூடியிருக்கவேண்டும். கிட்லாப் இல்லாமல் வெறும் கிட் சேர்வராக வைத்திருக்கிறவர்களுக்கு ரிசீவ்.டினைநொன்ஃபாஸ்ட்ஃபோர்வேர்ட்ஸ், ரிசீவ்.டினைடிலீட்ஸ் என்ற இரண்டையும் ட்ரூ ஆக்கவேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் பிராஞ்ச்சை அழித்துவிட்டுத் திரும்பப் புஷ் செய்து முதலாவதைச் சுற்றிப் போய்விடலாம். வேலை செய்யும் ஃபைல்கள் இல்லாத, சேர்வரில் வைக்கும் வெற்று ரெப்போக்களில் ரீஃப்லொக் (நுனி எப்போது எதற்கு மாறியது என்ற பதிவு) இயல்பாக ஓடாது, சேர்வரில் கோர்.லொக்ஓல்ரெஃப்அப்டேட்ஸை ட்ரூ ஆக்கி வைத்தால், யாராவது மேலெழுதினாலும் முந்திய நுனி எதுவென்று அங்கேயே பார்க்கலாம்.

லீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹேஷ் எழுதாமல் வெறும் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் கொடுத்தால், கிட் உங்கள் குளோனில் இருக்கும் ஒரிஜின்/மெயினைச் சேர்வரோடு ஒப்பிடும், அவ்வளவுதான். விஎஸ் கோட்டில் ஓட்டோ ஃபெட்ச் போட்டிருந்தால் அது பின்னணியில் ஒரிஜின்/மெயினைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். நண்பர் புஷ் செய்த கொமிட்டை நீங்கள் கண்ணால் காணாமலே லீஸ் "சரி" என்று சொல்லி, அதை அழித்துவிடும். கிட் 2.30இல் வந்த --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸைச் சேர்த்துக் கொடுத்தால், ஃபெட்ச் ஆன கொமிட் உங்கள் பிராஞ்ச்சின் ரீஃப்லொக்கில் உண்மையில் இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கும்.

புல் --ரீபேஸ் வைத்திருந்தால் காலையில் இது நடந்திருக்காதா என்று சிலர் நினைக்கலாம். ஓரளவுக்கு உண்மை. புல் --ரீபேஸ், ஒரிஜின்/மெயினின் ரீஃப்லொக்கைப் பார்த்துப் பழைய நுனியைக் கண்டுபிடித்து, அவருடைய 3 கொமிட்களை மட்டும் புதியதன் மேல் வைக்கும். ஆனால் கிட் ரீபேஸ் ஒரிஜின்/மெயின் என்று கையால் எழுதினால் அந்தத் தேடலைச் செய்யாது. டம்ப் கொமிட்டையும் திரும்ப ஓட்டும். ஒரே வேலை என்று நினைக்கும் இரண்டு கட்டளைகள், விளைவு இரண்டு விதம். ஆகவே செட்டிங்கை நம்பி வரலாற்றைத் திருத்தவேண்டாம்.

கொட்டாஞ்சேனை அண்ணாவோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பழைய குளோனில் ரீசெட் --ஹார்ட் செய்வதை மாற்றுவழியாகக்கூடக் கொடுக்கமாட்டேன். மெயின் திரும்பினாலும் மற்ற லோக்கல் பிராஞ்ச்களும் டேக்குகளும் பழைய வரலாற்றிலேயே நிற்கும். ஆறு மாதம் கழித்து அதிலொன்றை யாராவது புஷ் செய்வார். டேட்டா சுமை என்றால், சுத்தமான குளோன் ஒன்றை கிட் பண்டிலாக்கி (ஒரே ஃபைலாக்கி) பென் டிரைவில் அனுப்புங்கள். 180 எம்பி போனபிறகு அது பெரிய ஃபைலாகவும் இருக்காது.

திருத்தியே ஆகவேண்டும் என்றால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். போயா தினத்துக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) முந்திய மாலை நல்லது: எல்லோரும் தங்கள் வேலையைப் புஷ் செய்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டு, திறந்திருக்கும் மேர்ஜ் ரிக்வெஸ்ட்களை முடித்து அல்லது மூடி, மெயினைப் பூட்டி, அதன்பின் ஃபில்டர்-ரெப்போ. மறுநாள் வேலை இல்லாததால் சரிபார்க்க ஒரு முழு நாள் கிடைக்கும். ரகசியம் இல்லாத சின்னக் காரணங்களுக்காக, உதாரணமாகப் பிழையான ஈமெயிலில் கொமிட் செய்தது போன்றவற்றுக்கு, வரலாற்றைத் தொடவே வேண்டாம். ரெப்போவின் வேரில் .மெயில்மெப் என்று ஒரு ஃபைல் வைத்தால் லொக்கும் ஷோர்ட்லொக்கும் சரியான பெயரையே காட்டும். பிழையான மாற்றம் என்றால் ரிவேர்ட் (அதற்கு எதிரான மாற்றத்தைப் புதுக் கொமிட்டாகப் போடுவது). மேர்ஜை ரிவேர்ட் செய்தால் -எம் 1 கொடுக்கவேண்டும். அந்த பிராஞ்ச்சைப் பிறகு திரும்ப மேர்ஜ் செய்யும்போது பழைய கொமிட்கள் "ஏற்கனவே இருக்கின்றன" என்று வராமல் போகும், முதலில் ரிவேர்ட்டையே ரிவேர்ட் செய்யவேண்டும்.

---

வெள்ளவத்தை_06:

ரீமேர்ஜ்-டிஃப்பில் அந்த 2 வரிகள் அப்படியே தெரிந்தன. மேர்ஜ் செய்தவரும் உறுதிப்படுத்தினார். ரிஸ்டோர் செய்து கொமிட் போட்டபின் டிஃப்பில் இரண்டு ஃபைல்களின் நீக்கம் மட்டும் வருகிறது. 310 + 6 + 1 = 317. ஹேஷ் எழுதிய லீஸோடு புஷ் போய்விட்டது. ரிலீஸ் டேக்குகளையும் இப்போதுதான் புஷ் செய்தேன். யாழ்ப்பாணத்துக்கு பண்டில் நாளை பஸ்ஸில் போகிறது. அது போய்ச்சேரும்வரை அவர்கள் இருவருடைய புஷ் அனுமதியையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

---

பம்பலப்பிட்டி_04:

பண்டிலிலிருந்து குளோன் எடுத்தால் ஒரிஜின் அந்தப் பென் டிரைவின் பாதையைக் காட்டும். கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின் கொடுத்து கிட்லாப் முகவரிக்கு மாற்றி, ஒரு ஃபெட்ச் செய்யச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் கிட் பண்டில் வெரிஃபை ஓட்டிப் பாருங்கள். பண்டில் உருவாக்கும்போது --ஓல் கொடுத்திருந்தால், அந்தக் குளோனில் பழைய பிராஞ்ச் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்று கிட் பண்டில் லிஸ்ட்-ஹெட்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.